முறுக்கான உடம்பு காலடியில் தொடங்குகிறது

வணக்கம் நண்பர்களே. காலை ஐந்தரை மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையின் அடிவாரத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

சென்ற வாரம் உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். எடை கூடாமல், சதை தொங்காமல், புரூஸ் லீக்கு இருந்ததைப் போல முறுக்கேறிய உடம்பு வேண்டுமென்றால் ஜிம்மில் எந்த மெஷினில் தொடங்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. மெஷினில் தொடங்க வேண்டாம், காலடியில் தொடங்குங்கள் என்பதுதான் என்னுடைய பதில். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சிலம்பத்தை நிறுத்திவிட்டு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை, ஒரு நாள் தோள் என்று ஆறு மாதம் விடாமல் செய்து, ஏழு கிலோ எடை கூடினேன். சட்டையின் கை இறுகியபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சிலைமான் பக்கத்துத் தென்னந்தோப்பில் மீண்டும் கம்பைக் கையில் எடுத்தபோது, இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. தலைக்கு மேலே சுற்றும்போது தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. வாத்தியார் என்னைத் திட்டவில்லை. ஈரமணலைப் பரப்பச் சொல்லி, அதன்மேல் நான்கு காலடி வைத்துக் காட்டச் சொன்னார். பிறகு குனிந்து என் தடத்தில் விரலை வைத்தார். குதிகால் பதிந்த இடத்தில் விரலின் முதல் கணு முழுவதும் இறங்கியது. முன்பாதம் பட்ட இடத்தில் நகம்கூட மறையவில்லை. "தம்பி, கம்பு சுத்துறது கையின்னு நெனச்சுக்கிட்டு இருக்க. சுத்துறது இடுப்பு. இடுப்பத் திருப்புறது காலு. நீ குதிங்கால்ல குந்தி நிக்கிறப்பா" என்றார்.

அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் என் பயிற்சி முழுவதும் மாறியது. அடியோ குத்தோ உதையோ, அதன் வேகம் தரையிலிருந்து கிளம்பி, தொடை வழியாக இடுப்புக்கு ஏறி, அங்கே திரும்பித் தோளுக்குப் போய், கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. இந்த வழியில் ஓர் இடம் இறுகியிருந்தாலும் வேகம் அங்கேயே தங்கிவிடும். புரூஸ் லீ 172 சென்டிமீட்டர் உயரமும் அறுபது கிலோவை ஒட்டிய எடையும் உடையவர். அவருடைய உடம்பில் நாம் வியக்கும் அந்த வரிகளெல்லாம் நாள்தோறும் குத்தியும் உதைத்தும் ஓடியும் வந்தவை. அவரே 1970-இல், உடம்பைச் சரியாகச் சூடேற்றாமல் தோளில் எடையை வைத்துக் குனிந்து நிமிர்ந்தபோது முதுகு நரம்பில் அடிபட்டுப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். ஆகவே, பத்து நிமிடமாவது மூட்டுகளைச் சுழற்றிவிட்டு எடையைத் தொடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பலத்துக்காக ஒதுக்குகிறேன். புல்-அப்ஸ், இடுப்பில் எடை கட்டிய தண்டால், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் பஸ்கி ஆகிய மூன்றையும் ஒரு செட்டுக்கு ஐந்து முறைக்கு மேல் செய்வதில்லை. செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் முழுதாக ஓய்வெடுக்கிறேன். கனமாகவும் குறைவாகவும் செய்து, களைத்துப்போவதற்கு முன்பே நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் தசை நார்களை ஒரே நேரத்தில் அதிகமாக இயக்குவதற்கு நரம்புகள் பழகிக்கொள்கின்றன; சதை பெரிதாகப் பெருகாமலேயே பலம் கூடும். தோளுக்குக் கர்லாக்கட்டை, அதாவது கைப்பிடி வைத்த கனமான மரக்கட்டை, போதும். என்னுடையது ஐந்து கிலோ. அதைத் தலைக்குப் பின்னால் சுற்றி எடுக்கும்போது தோள்பட்டை முழு வட்டம் போகிறது. எந்த மெஷினும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

மூன்று நாள் சிலம்பமும், கம்பில்லாமல் வெறுங்கையால் ஆடும் குத்துவரிசையும். அந்த நாட்களில் மூன்று நிமிடம் ஆடி, ஒரு நிமிடம் நின்று, ஆறு சுற்று முடிக்கிறேன். இன்னொரு நாள் ஓட்டம். வண்டியூர்த் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. நான்கு முறை சுற்றி வந்தால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஆகிவிடும். சில வாரம் ஓட்டத்துக்குப் பதிலாக இந்த மலைப் படியில் வேகமாக ஏறுகிறேன். இறங்கும்போது ஓடாதீர்கள், முழங்கால் தாங்காது. மழை பெய்த பாறையில் ஏறவே ஏறாதீர்கள். மீதமுள்ள ஒரு நாள் ஓய்வு.

இனி சாப்பாடு. வயிற்றில் வரி தெரியாததற்கு வயிற்றுப் பயிற்சியைக் குறை சொல்லிப் பயனில்லை, மேலே மூடியிருக்கும் கொழுப்புதான் காரணம். நம் மதுரையில் அது பெரும்பாலும் இரவு பத்து மணிக்குமேல்தான் சேர்கிறது. கல்லில் பரோட்டா தட்டும் சத்தம் கேட்ட பிறகும் நேராக வீட்டுக்குப் போவது எனக்கு எந்தப் பயிற்சியையும்விடக் கடினம். ஆனாலும் அதை முழுவதும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு கறிதோசை சாப்பிடுகிறேன், மனம் நிறைந்துவிடுகிறது. மற்ற நாட்களில் கணக்கு உண்டு. என் எடை இப்போது 68 கிலோ; கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 109 கிராம் புரதம் எனக்குத் தேவை. நான்கு முட்டையில் 24 கிராம், வேகவைத்த 200 கிராம் கோழிக்கறியில் அறுபதை ஒட்டி, ஐம்பது கிராம் பச்சைப்பயற்றில் பன்னிரண்டு, ஒரு கைப்பிடி வறுகடலையில் சில கிராம், மிச்சம் சோற்றிலும் தயிரிலும் வந்துவிடும். டப்பாப் பவுடர் இல்லாமல் இது நடக்கிறது. எடை குறைக்க வேண்டியவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறையுங்கள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். சித்திரை வெயிலில் பயிற்சி செய்பவர்கள் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. குளத்தங்கரையில் கொஞ்சம் ஈரமணல் கிடக்கிறது. கேமராவைத் தரையோடு ஒட்டி வைக்கிறேன். என் முகம் தெரியாது, பரவாயில்லை. நான்கு காலடி வைக்கப் போகிறேன், முடிந்ததும் தடத்தை அருகில் காட்டுகிறேன். குதிகால் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ இதையே செய்து, உங்கள் தடத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.