யாரிடம் கேட்டாய்?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, இத்தனை நேரமாகியும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

‘முஸ்லிம் இளைஞன் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் காப்பது அரசின் நீதியா, சமுதாயத்தின் கல்வியா?’ இதுதான் தலைப்பு. நான் கல்வி அணி. மேலப்பாளையத்துக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர். டீச்சர் கல்விக்குப் பேசாமல் வேறு எதற்குப் பேசுவாள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

வழக்கறிஞர் அண்ணன் சொன்ன சம்பவங்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. பட்டிமன்றத்தில் இப்படியா ஆரம்பிப்பது என்று எங்கள் அணித் தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

2006 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் மாலேகானில் பராஅத் நாளன்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர்கள் நடுவே, மையத்தை அடக்கும் கபரஸ்தான் பக்கத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பிடித்து உள்ளே போட்டதும் ஒன்பது முஸ்லிம்களை. அவர்கள்மேல் வழக்கே இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது 2016இல். குஜராத்தில் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேருக்குத் தண்டனை, அதில் மூவருக்குத் தூக்கு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது, விசாரணை நடந்த விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது. அண்ணன் இதையெல்லாம் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன். போன வயது திரும்பி வருமா? அரசின் குற்றம்தான் இது. நடுவர் அவர்களே, எதிரணிக்கு மார்க் போடுவதாக இருந்தால் இந்த இடத்தில் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. மாலேகானின் அந்த ஒன்பது பேரை வழக்கிலிருந்து மீட்டது யார்? தெருவில் டயர் கொளுத்தியவனா? இல்லை. குற்றப்பத்திரிகையை வரிவரியாக வாசிக்கத் தெரிந்தவர்கள். மாலேகான் வழக்கில் அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஷாஹித் ஆஸ்மி. இந்தப் பெயரை அண்ணன் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு ஆச்சரியம். ஒருவேளை, சொன்னால் எங்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்திருப்பார்.

1992 மும்பைக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த பையன் அவர். அந்தக் கொதிப்பில் காஷ்மீர் பக்கம் போய் ஓர் ஆயுதக் குழுவின் முகாமில் கொஞ்ச நாள் இருந்தார், ஒவ்வாமல் திரும்பிவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது. திகார் சிறை. இப்போது நிறுத்திப் பாருங்கள், நடுவர் அவர்களே. கலவரம், கோபம், ஆயுதம், சிறை என்று ஒருவன் கெட்டுப்போக என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருக்கிறது. அரசு ஒரு நீதியும் செய்யவில்லை. அந்தச் சிறைக்குள்தான் அவர் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். விடுதலையாகி வந்து சட்டம் படித்தார். தன்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். 2010 பிப்ரவரியில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 32. மும்பைத் தாக்குதல் வழக்கில் அவர் வாதாடிய கட்சிக்காரர் ஒருவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவரை முகாமுக்கு அனுப்பியது அநீதி என்கிறார் அண்ணன். சரி, வைத்துக்கொள்வோம். திருப்பிக் கொண்டுவந்தது எது?

அடுத்து அண்ணன் கோவைக்கு வந்தார். 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதையடுத்து கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள், கடைகள் எரிந்தன. மூன்று மாதம் கூட ஆகவில்லை, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு. 58 உயிர். அநீதிதான் குண்டாக வெடித்தது என்பது அண்ணன் வாதம். நான் கேட்கிறேன், அந்த அநீதி கோவையில் எத்தனை ஆயிரம் வீட்டைத் தொட்டது? அத்தனை வீட்டிலிருந்துமா குண்டு கிளம்பியது? மற்ற வீட்டுக்காரர்கள் எரிந்த கடைக்கு வெள்ளையடித்துத் திரும்பத் திறந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மழை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு வீடு மட்டும் ஒழுகினால் மேலே பார்த்து வானத்தைத் திட்டினால் போதுமா? ஓட்டையும் மாற்ற வேண்டாமா?

இனி, அண்ணன் வீசிய பெரிய கல். “படித்தவன்தானே செய்கிறான்?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். 2022இல் தீபாவளிக்கு முந்தைய நாள் கோவையில் கோயில் வாசலில் கார் வெடித்துச் செத்தவர் பொறியியல் படித்தவர். இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 பேருக்கு மேல் பலியானார்களே, அந்தத் தற்கொலைக் குண்டுதாரிகளில் பணக்கார வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் உண்டு, வெளிநாட்டில் படித்தவர் உண்டு. அப்புறம் கல்வி எங்கே காப்பாற்றியது?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கினால் எனக்கு நீங்கள் ஓட்டுப் போட வேண்டாம்.

என் வகுப்பில் ஒரு பையன். பத்தாம் வகுப்பு, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாதவன். ஒருநாள் இடைவேளையில் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். இடிந்த கட்டடம், புழுதி, ஒருவர் கையில் குழந்தை. கீழே ‘நம் சகோதரர்களைக் கொல்கிறார்கள், இன்னும் தூங்குகிறாயா?’ என்று தமிழில் எழுத்து. பையனுக்குக் கை நடுங்குகிறது. நான் திட்டவில்லை. “இது எங்கேடா உனக்கு வந்தது?” என்றேன். மாமா அனுப்பினார் என்றான். மாமாவுக்கு? தெரியாது. சாயங்காலம் மாமாவிடம் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வந்தான். மாமாவுக்கு ஒரு குரூப்பில் வந்ததாம், அந்தக் குரூப்புக்கு இன்னொரு குரூப்பிலிருந்து. “அதுக்கு மேல யாருன்னு தெரியல டீச்சர், ‘ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்’னு மட்டும் போட்டிருக்கு.” பிறகு இருவருமாகத் தேடிப் பார்த்தோம். அது போரே இல்லை, வேறொரு நாட்டில் நடந்த பூகம்பம்.

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் மார்க்கம் ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கேட்டு வரும் கேள்வி. ஒருவர் ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியைச் சொன்னால், “நீ யாரிடம் கேட்டாய்? அவர் யாரிடம் கேட்டார்? அவருக்கு ஞாபகசக்தி எப்படி? பொய் சொல்கிறவரா? இரண்டு பேரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்தானா?” என்று ராவிகளை, அதாவது அதைக் கேட்டு அறிவித்தவர்களை, சங்கிலி போலக் கோத்துச் சோதித்தார்கள். இஸ்னாத் என்று அதற்குப் பெயர். ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் ளயீஃப், பலவீனமான செய்தி, என்று ஒதுக்கினார்கள், சொன்னவர் எவ்வளவு பெரிய தாடி வைத்திருந்தாலும். இஸ்னாத் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பார் என்று இப்னு முபாரக் என்ற அந்தக் காலத்து அறிஞர் சொன்னதை, ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிள்ளை, ‘ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்’ என்ற ராவியை நம்பி ரத்தம் கொதிக்கிறான்.

அண்ணன் காட்டியது பட்டத்தை. நான் கேட்பது கல்வியை. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் கண்டக்டர் முதல் கலெக்டர் வரை இத்தனை படித்தவர்கள் வரதட்சணை வாங்கியிருக்க மாட்டார்கள். பாலம் கட்ட எத்தனை டன் கம்பி வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். ஒருவன் குர்ஆனின் ஓர் ஆயத்தை, அதாவது வசனத்தை, பாதியில் வெட்டி எடுத்துக் காட்டினால் மீதிப் பாதி எங்கே என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லூரியிலும் கேள்வி கேட்க விடுவதில்லை, காலையில் மதரஸாவுக்குப் போனால் அங்கேயும் “பேசாம ஓது”. ஹஜ்ரத்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளதைத்தான் சொல்கிறேன். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போல என்று குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் சொல்கிறது. அதை அரபியில் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழில் அர்த்தம் தெரியும்?

முஸ்லிம்கள் கண்டிக்கவே இல்லை என்று வெளியே பேசுகிறார்கள். அதுவும் பொய்தான். 2008 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்துத் தேவ்பந்த் மதரஸாவில் ஆயிரக்கணக்கான ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள், கூடித் தீவிரவாதத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அதே ஆண்டு மும்பையில் தாக்குதல் நடத்திச் செத்த ஒன்பது தீவிரவாதிகளின் உடலை அடக்க எங்கள் கபரஸ்தானில் இடமில்லை என்று அங்கே உள்ள முஸ்லிம் டிரஸ்ட் மறுத்துவிட்டது. இலங்கையில் ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானைப் பற்றி அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் கொடுத்தார்கள். கொழும்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை, இந்தியா அனுப்பிய எச்சரிக்கையையும் சேர்த்து. கோவையில் கார் வெடித்தபோது ஜமாஅத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் தேவ்பந்த் அறிக்கை என் மாணவன் போனுக்கு வரவில்லையே. பூகம்ப வீடியோதானே வந்தது?

கல்வி தனக்கு எதிரி என்று நம்மைவிடத் தீவிரவாதிக்கு நன்றாகத் தெரியும். பெஷாவரில் 2014இல் அவன் போய்ச் சுட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை. நைஜீரியாவில் 276 பெண்பிள்ளைகளைத் தூக்கிப்போனது விடுதியிலிருந்து. ஆப்கானிஸ்தானில் ஆட்சிக்கு வந்ததும் பூட்டியது ஆறாம் வகுப்புக்கு மேலான பெண்களின் வகுப்பறையை. அவன் குறி தப்பாமல்தான் வைக்கிறான்.

உதவித்தொகையைப் பற்றி அண்ணன் பேசினார். 2022இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான உதவித்தொகையை மத்திய அரசு நிறுத்தியது, மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையையும் நிறுத்தியது. கேட்க வேண்டியதுதான். முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது, மக்கள்தொகையில் 13 சதவீதத்துக்கு மேல் உள்ள சமுதாயம் ஐ.ஏ.எஸ்.ஸில் 3 சதவீதம் என்று. ஆனால் உரிமை எழுதப்பட்ட காகிதத்தை வாசிக்கவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் உம்மா பீடி சுற்றினார். மடியில் சுளகு, இலை, தூள், நூல். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். இரவெல்லாம் சுற்றிக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் கணக்குப் புத்தகத்தில் எழுதித் தருவார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். உம்மா கொடுத்தது ஆயிரம், எழுதியிருந்தது எண்ணூறு. முந்தின வாரமும் எண்ணூறு. அதற்கு முந்தின வாரமும். உம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பீடித் தொழிலாளருக்கு 1966லேயே சட்டம் வந்துவிட்டது, நடுவர் அவர்களே. சட்டம் பண்ணியது அரசு. அது எங்கள் வாசலுக்கு வர நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. மறுநாள் உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று ஆயிரம் என்றே எழுதினார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம். ஜமாஅத்துப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் போகும்போது உங்கள் பள்ளிவாசல் வரவு செலவுப் பலகையைப் பாருங்கள். மினாராவுக்குப் பெயின்ட், ஏசி, நோன்புக் கஞ்சி எல்லாம் இருக்கும். கல்வி என்று ஒரு வரி இருக்கிறதா, இருந்தால் அது எத்தனையாவது வரி என்று மட்டும் பாருங்கள். வாணியம்பாடியில் 1919லும் திருச்சியில் 1951லும் கல்லூரி கட்டிய வியாபாரிகள் எந்த அரசின் நீதிக்கும் காத்திருக்கவில்லை.

கடைசியாக ஒன்றை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் பிடித்துக்கொள்வார். உம்மாவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க வந்த அறிவொளி இயக்கம். அரசு உதவியோடு நடந்ததுதான். பீடிச் சுளகை மடியில் வைத்தபடியே எங்கள் திண்ணையில் ‘ப’, ‘ட’, ‘ம்’ படித்தார். அந்த மார்க்கையும் எதிரணியே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் தீர்ப்பை வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், நடுவர் அவர்களே. ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் உம்மா கையை நீட்டுவார். நான் சொன்னால் நம்ப மாட்டார், வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவார்.

நன்றி. வணக்கம்.