பைன் காட்டுப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கியிருப்பீர்கள். அந்த நெடி பைன் மரப் பிசினிலிருந்து வருவது. நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் உலகச் சந்தைக்குப் போன டர்பன்டைனில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இறக்கியதுதான். ஜார்ஜியாவின் சவான்னா துறைமுகத்தில் பிசின் பீப்பாய்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும். அந்தப் பீப்பாய்கள் வந்த காட்டுக்குள் ஏழைகளாகப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மரத்தின் பெயர் லாங்லீஃப் பைன். இலைகள் ஊசி ஊசியாக, ஒன்றரை அடி வரை நீளும். வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சாஸ் வரை, கடலோரச் சமவெளியெங்கும் சுமார் 9 கோடி ஏக்கரில் இந்த மரம் நின்றது. காடு என்றதும் நமக்கு இருட்டும் புதரும் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. மரத்துக்கு மரம் தாராளமான இடைவெளி, கீழே புல்வெளி, உள்ளே வண்டியை ஓட்டிக்கொண்டே போகலாம். முன்னூறு வயதைத் தாண்டிய மரங்கள் சர்வசாதாரணம்.

இந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள் கிரீக் போன்ற பூர்வகுடிகள். அவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி, 1830-களில் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினார்கள். பிறகு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களில் பலர் பரம ஏழைகள். மணற்பாங்கான பூமி, பருத்திக்கு லாயக்கில்லை. பணக்காரன் சீந்தாத இடம் என்பதால்தான் அது ஏழைக்குக் கிடைத்தது.

அங்கே அப்போதைய சட்டம் வேடிக்கையாக இருக்கும். வேலி பயிருக்குத்தான், மாட்டுக்கு இல்லை. பயிர் வைத்தவன் தன் பயிரைச் சுற்றி அடைத்துக்கொள்ள வேண்டும். மாடும் பன்றியும் யாருடைய நிலத்திலும் மேயலாம். காதில் போட்ட வெட்டுதான் அடையாளம். எந்தக் குடும்பத்துக்கு எந்த வெட்டு என்று கோர்ட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். காகிதத்தில் வேறு எவனோ உரிமையாளன், நடப்பில் காடு முழுக்க மேய்ச்சல் புறம்போக்கு. கையில் காலணா இல்லாத வீட்டுக்கும் காட்டில் நாலு பன்றி இருக்கும். அடுப்பு பற்றவைக்கப் பிள்ளைகள் போய், பிசின் ஊறிய பழைய அடிக்கட்டையைச் சிராய் சிராயாகப் பிளந்து எடுத்து வருவார்கள். மழையில் நனைந்திருந்தாலும் ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கும் காடு கைகொடுத்தது. அங்கே கோஃபர் என்றொரு நில ஆமை உண்டு. மணலைத் தோண்டிப் பதினைந்தடி, அதற்கு மேலும் நீளமாக வளை போடும். தீ வந்தால் பாம்பு, தவளை, எலி எல்லாம் அந்த வளைக்குள்தான் ஒதுங்கும். அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் காலத்தில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது, முனையில் கொக்கி மாட்டிய நீளக் கம்பியை வளைக்குள் விட்டு ஆமையை இழுத்துக் குழம்பு வைத்தார்கள். அதற்கு ‘ஹூவர் கோழி’ என்று பெயர். பசியிலும் நக்கலை விடவில்லை!

அதற்காக அந்த வாழ்க்கையை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வெறுங்காலோடு மணலில் திரிந்த பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு. 1909-ல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்தில் ஒரு குழு அமைத்துத் தெற்கெங்கும் சோதித்தபோது, பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேர் வயிற்றில் அந்தப் புழு இருந்தது. ரத்தம் சுண்டி, முகம் வெளிறி, நடக்கவே தெம்பில்லாத பிள்ளைகள். ஊர் அவர்களைப் பரம்பரைச் சோம்பேறிகள் என்றது.

கறுப்பினக் குடும்பங்களின் நிலைமை இன்னும் மோசம். டர்பன்டைன் முகாம்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மரத்தின் பட்டையைச் சீவி, ‘வி’ போல வாரா வாரம் புதிதாக ஒரு கீறல் போட வேண்டும். ஒரு மரத்தை முடித்ததும் தன் பெயரையோ, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சொல்லையோ உரக்கக் கத்துவான். தூரத்தில் இருப்பவன் அதைக் கேட்டு நோட்டில் புள்ளி வைப்பான். காடெங்கும் குரல்களாகவே இருக்கும். கூலிக்குப் பணம் தர மாட்டார்கள், டோக்கன் தருவார்கள். அது செல்லுபடியாகும் ஒரே இடம் கம்பெனிக் கடை. அரிசி, மாவு, துணி எல்லாம் பற்றுக் கணக்கில். பற்று தீராமல் முகாமை விட்டுப் போக முடியாது. போனால் போலீஸ் பிடித்து வரும். கங்காணி, பற்றுச்சீட்டு, கடன் என்று தேயிலைத் தோட்டக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஃபுளோரிடாவில் கைதிகளையே முகாம்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1922-ல் அப்படி அனுப்பப்பட்ட மார்ட்டின் டாபர்ட் என்ற வெள்ளைக்கார இளைஞன் மரக் கம்பெனி முகாமில் சவுக்கடிபட்டுச் செத்தான். மறு வருடமே அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அதுவரை எத்தனையோ கறுப்பர்கள் செத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் சட்டம் அசையவில்லை.

சரி, காடு எப்படிப் போனது? 1880-க்குப் பிறகு வடக்கிலிருந்து மரக் கம்பெனிகள் ரயில் பாதையோடு வந்தன. லூசியானாவின் போகலூசாவில் 1908-ல் ஓடத் தொடங்கிய மில்தான் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது என்றார்கள். வெட்டு, இடத்தைக் காலி பண்ணு, அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. நின்றதெல்லாம் தீர்ந்த பிறகு, வெடிமருந்துக் கம்பெனி ஒன்று பிசினுக்காக அடிக்கட்டைகளையும் தோண்டி எடுத்தது. பிள்ளைகள் அடுப்புக்குப் பொறுக்கிய அதே கட்டைகள்தான்.

ஆனால் பழி விழுந்தது வேறு இடத்தில். காட்டு ஜனங்கள் வருடா வருடம் பனிக்காலத்தில் காட்டுக்குத் தீ வைப்பார்கள். மாட்டுக்கு இளம்புல் வரும், உண்ணியும் பாம்பும் குறையும் என்பார்கள். இதை நிறுத்தத்தான் 1920-களின் கடைசியில் லாரிகளில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள். பல பிள்ளைகள் பார்த்த முதல் சினிமாவே ‘காட்டைக் கொளுத்தாதே’ என்ற பிரசாரப் படம்தான். இது போதாதென்று வனத்துறை ஒரு மனநல நிபுணரையும் அனுப்பியது. 1940-ல் வெளியான அவருடைய கட்டுரை, பின்தங்கிய மனிதர்களின் விரக்திதான் தீயாக வெளிப்படுகிறது என்கிற மாதிரிப் போகிறது.

அந்த மரத்தின் நாற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. தெற்கு ஜார்ஜியாவில் ஒரு நாற்றை எனக்குக் காட்டினார்கள். புல்தூர் என்று நினைத்து மிதிக்கப் போனேன். தண்டே கிடையாது, தரையோடு ஒரு கொத்து ஊசி. விலக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளி ரோமம் போர்த்திய குருத்து. சில வருடங்கள் இப்படியே இருந்து, ஆணிவேரை ஆழமாக இறக்கிக்கொண்டு, பிறகுதான் விறுவிறுவென்று மேலே எழும். தீ வந்தால் வெளி ஊசிகள் கருகும், குருத்து தப்பிக்கும். தீயே வராவிட்டால் ஓக்கும் புதரும் மூடி, வெயில் கிடைக்காமல் நாற்று சாகும். ஏழைகள் வைத்த தீதான் காட்டை வாழவைத்தது. ஹெர்பர்ட் ஸ்டோடர்ட் என்பவர் காடைப் பறவையை ஆராய்ச்சி செய்து, தீ வேண்டும் என்று 1931-லேயே புத்தகம் எழுதினார். அதிகாரிகள் காதில் ஏற ரொம்ப காலம் பிடித்தது. ஏழையின் பன்றியும் ஒன்றும் சாதுவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அது மாவுச்சத்துள்ள வேருக்காக நாற்றுகளை வரிசையாகப் பிடுங்கித் தின்றது. ஆனால் 9 கோடி ஏக்கரைப் பன்றியா தின்றது?

வெட்டிய இடங்களில் காகித ஆலைக்காக வேகமாக வளரும் வேறு பைன் வகைகளை நட்டார்கள். வேலிச் சட்டமும் மாறியது. ஃபுளோரிடாவில் 1949-ல் மாட்டை அடைத்து வைப்பது உரிமையாளர் பொறுப்பாயிற்று. அதோடு புறம்போக்கும் முடிந்தது. முன்னால் காசில்லாத ஏழை. இனி காசும் இல்லை, காடும் இல்லை.

1990-களில் மிஞ்சியிருந்தது சுமார் 30 லட்சம் ஏக்கர். எங்கே மிஞ்சியது தெரியுமா? பணக்காரர்கள் காடை சுடுவதற்காக வைத்திருந்த எஸ்டேட்டுகளில். அப்புறம் ராணுவ முகாம்களில். ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் அருமையான பழங்காடு இருக்கிறது. குண்டு போட்டுப் பழகும் இடத்தில் அடிக்கடி தீப்பிடிக்கும், காடு பிழைத்துக்கொண்டது. குடியானவன் வைத்தால் அறியாமை. ராணுவத்தின் குண்டில் பிடித்தால் யாரும் மனநல நிபுணரை அனுப்புவதில்லை.

இப்போது மறுபடி நடுகிறார்கள். பரப்பு 50 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. சிக்கல் என்னவென்றால், முதிர்ந்த மரமாக விற்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சிறு நிலக்காரனால் முடியாது. அதனால் இடையில் வருமானத்துக்கு உதிர்ந்த ஊசிகளை வாரிக் கட்டி, தோட்டங்களுக்கு மூடாக்காக விற்கிறார்கள். லாங்லீஃப் ஊசிக்கு நல்ல விலை. வெயிலில் குனிந்து வாரிக் கட்டுகிறவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கூலி பெரும்பாலும் கட்டுக் கணக்கில்.

நன்றி, வணக்கம்.