பயந்தா மரம் ஏறாம தரையில ஓடுற மலைக்குரங்கு | நியூங்வே காடு, ருவாண்டா

வணக்கம் மக்களே. கொஞ்சம் மெதுவாத்தான் பேசுறேன், சவுண்ட ஏத்தி வச்சுக்கோங்க. ரோட்டோரத்துல ஒரு குடும்பமே உக்காந்திருக்கு.

இது ருவாண்டாவோட தென்மேற்கு மூலை, நியூங்வே காடு. ஹூயேல இருந்து ருசிசி போற மெயின் ரோடு இந்தக் காட்டுக்குள்ள புகுந்துதான் போகுது. கடல் மட்டத்துக்கு மேல 2000 மீட்டருக்கு மேல இருக்கோம். மணி ஒன்பதாச்சு, மூட்டம் இன்னும் விலகல. ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைக்குது.

அந்தக் கல்லு மேல பாருங்க. அதான் லோயெஸ்ட் குரங்கு. உடம்பெல்லாம் கருகருன்னு, முதுகுல மட்டும் செம்பழுப்பு, குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி. கன்னத்துல ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் வெள்ளை வெளேர்னு தாடி. இந்த மூட்டத்துல முதல்ல அந்த வெள்ளைதாங்க கண்ணுல படுது, குரங்கு அப்புறம்தான் தெரியுது! கண்ணு ஆரஞ்சு கலந்த பழுப்பு. அப்புறம் அந்த வால். நடக்கும்போது மேல தூக்கிடும், நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும்.

மடியில குட்டி இருக்கு, தெரியுதா? ஒரே பழுப்பா இருக்கு. அம்மா நிறம் வர ரெண்டு மூணு மாசம் ஆகும். இருங்க, ஜூம் பண்றேன்... அந்த அம்மா ஒரு செடியைப் பிடுங்கி, தண்டை மட்டும் பல்லால உரிச்சு மெல்லுது. குட்டி அந்தத் தண்டை ரெண்டு கையாலயும் இழுக்குது. அம்மா விடவும் இல்ல, திட்டவும் இல்ல. பக்கத்துல இருக்கறதும் பொண்ணுதான். ஒரு கூட்டத்துக்குப் பெரும்பாலும் பெரிய ஆண் ஒண்ணுதான், மத்ததெல்லாம் பொண்ணுங்களும் குட்டிங்களும். குட்டியை மத்த பொண்ணுங்களும் வாங்கித் தூக்கி வச்சுக்கும்.

இதுகிட்ட என்னை அசர வச்ச விஷயம் வேற. நேத்து சாயங்காலம் ரெண்டு குரங்கு மரத்துல பழம் தின்னுட்டு இருந்துச்சு. ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிச்சாரு. மேல ஏறும்னு நான் கேமராவை மேல தூக்கினேன். ரெண்டும் தொப்பு தொப்புன்னு கீழ குதிச்சு, புதருக்குள்ள ஓடியே போயிடுச்சு! பயந்தா தரைதான் இதுக்குப் பாதுகாப்பு. இந்தக் காட்டுல குரங்கைத் தூக்குற கொண்டைக் கழுகு இருக்கு. கீழ அடர்ந்த செடிகொடிக்குள்ள பூந்துட்டா யார் கண்டுபிடிக்க முடியும்? எனக்கு அது ரொம்பப் புத்தியான வழியாத் தெரியுது.

ஆனா அதே தரையிலதான் சுருக்குக் கம்பி வைக்கிறாங்க. சின்ன மானுக்கும் காட்டுப் பன்னிக்கும் வைக்கிறது, தரையில நடக்குற இதுக்கும் காலன். கிழக்குக் காங்கோ, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, இந்த மலைத்தொடரை விட்டா இதுக்கு உலகத்துல வேற வீடு இல்ல. காடும் சுருங்கிட்டே வருது. ஐயூசிஎன்னு சொல்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல அழிய வாய்ப்புள்ள இனம்னு போட்டிருக்கு.

இப்போ ஒரு கார்ல இருந்து வாழைப்பழத்தை வீசிட்டுப் போனாங்க, பார்த்தீங்களா? எனக்கு வயிறு எரியுது. தயவுசெஞ்சு இங்க வந்தா எதையும் போடாதீங்க. இந்த ரோட்டுல லாரி எவ்வளவு வேகமா வருதுன்னு பாருங்க, பழத்துக்காக இதுங்க நடுரோட்டுக்கு வந்து நிக்கும்.

அய்யோ, எழுந்திருச்சு. குட்டி அம்மா வயித்தோட ஒட்டிக்கிச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எல்லாம் வரிசையா இறங்குது. உடம்பு தெரியல இப்போ, புதருக்கு மேல வால் கொக்கி மட்டும் போகுது, பாருங்க... அதோ கடைசியா ஒண்ணு...