சோப்பு நுரைக்கவில்லையா? கிணற்றைக் கவனியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்துச் சிரியத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பேசுகிறேன். மேப்பில் தன்லின் என்று தேடுங்கள், நம் ஆட்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். பம்புச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்த நேரத்தில் தொட்டியை நிரப்பியாக வேண்டும்.

இதுதான் எங்கள் குழாய்க் கிணறு. பர்மியர் அவீசித்வின் என்பார்கள். அவீசி என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் நரகம். அவ்வளவு ஆழம் போகிற கிணறாம்.

போன வருடம் மாசியில் அப்பாயி, “துணிக்குச் சோப்பே பிடிக்கலப்பா, தண்ணி மாறிப்போச்சு” என்றார். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புத் தெரியவில்லை. சோப்புதான் மட்டம் என்று சொல்லிவிட்டேன். சித்திரை பிறந்ததும் டீயிலேயே உப்புக் கரித்தது.

அப்பாயிக்குத் தெரிந்தது என் நாக்குக்கு ஏன் தெரியவில்லை? கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பாகம், இருக்கிறது. 250 மில்லிகிராம் வந்தால்தான் நாக்கு உப்பு என்று சொல்லும். அதாவது நூறு குடம் நல்ல தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றேகால் குடம் கடல் நீர் கலக்கும்வரை நாக்குக்குச் சேதி போகாது. ஆனால் மண்ணுக்கடியில் வேலை முன்னாலேயே தொடங்கிவிடும். களிமண்ணில் கால்சியம் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு நீர் நுழைந்ததும் அதிலிருக்கும் சோடியம் போய் ஒட்டிக்கொண்டு கால்சியத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். அந்தக் கால்சியம்தான் சோப்பை நுரைக்க விடாமல் திரிந்துபோகச் செய்கிறது.

மழை பெய்து நல்ல தண்ணீர் உப்பைத் திருப்பித் தள்ளும்போது எல்லாம் தலைகீழ். களிமண் சோடியத்தை விட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசாகக் கரித்தாலும் தண்ணீர் மென்மையாக இருக்கும், சோப்பு நுரைக்கும். உப்பு வருகிறதா, போகிறதா என்று இதில் தெரிந்துவிடும். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, குளோரைடு பார்ப்போம். முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் குழாயில் கிடந்தது, அதை விட்டுவிடுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டேன், மஞ்சள். குரோமேட் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இப்போது சில்வர் நைட்ரேட், சொட்டுச் சொட்டாக. வெள்ளையாகக் கலங்குகிறதா? செங்கல் நிறம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. ஆட்டிக்கொண்டே இருங்கள். இதோ, நிறம் நின்றுவிட்டது. நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று எழுதுங்கள், அதை வைத்துத்தான் குளோரைடைக் கணக்குப் போட வேண்டும்.

நைட்ரேட்டும் பாருங்கள். குளோரைடோடு அதுவும் ஏறினால் பக்கத்துக் கக்கூஸ் குழியைச் சந்தேகப்பட வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கடல் உப்பென்று தெரிந்ததும் கிணறு போட்டவர் இன்னும் ஆழம் இறக்கச் சொன்னார். இறக்கினோம், அதிகமாகக் கரித்தது, பணமும் போனது. நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர். இறைத்து நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். நடுவில் தடித்த களிமண் தட்டு இருந்தால் கதை வேறு, எங்களுக்கு அது இல்லை. அதனால் பழைய ஆழத்துக்கே குழாயை ஏற்றி, சின்ன பம்பு வைத்து, பக்கத்து வீட்டோடு நேரம் பிரித்துக்கொண்டோம்.

ஐராவதி டெல்டா பக்கம் இருப்பவர்களே, உங்களுக்கு ஆர்செனிக் கவலை. காற்றுப் படாத ஆழத்தில் இரும்புத் துரு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கும். நிறம் இல்லை, ருசி இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. கொய்யா இலையைக் கசக்கிப் போட்டால் கறுப்பது இரும்புக்குத்தான், ஆர்செனிக்குக்கு இல்லை. கிட் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

இன்றைய கணக்கு வந்துவிட்டது, குளோரைடு 180. சித்திரையில் 310. அப்புறம் அங்கே பாருங்கள், அப்பாயி துணி ஊற வைத்த வாளியில் விளிம்பு வரை நுரை.