தோழியின் ஹென் நைட்: கொண்டாட்டமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிசையாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, பொங்கல் விழாவுக்குக் குளிரில் நடுங்கியபடி வந்திருக்கும் நம் மக்களே, வணக்கம்.

'தோழியின் கல்யாணத்துக்கு முன் வரும் ஹென் நைட், நட்புக்குக் கொண்டாட்டமா, பர்சுக்குத் திண்டாட்டமா?' இதுதான் தலைப்பு. கல்யாணப் பெண்ணுக்காகத் தோழிகள் கூடிக் கும்மாளம் போடுகிற ராத்திரிதான் ஹென் நைட். எனக்கு முன்னால் பேசிய அக்கா செலவுப் பட்டியலை வாசித்தே மண்டபத்தைக் கலங்கடித்துவிட்டார். ரயில் டிக்கெட், தங்கும் வீடு, காக்டெயில் வகுப்பு, எல்லாருக்கும் ஒரே மாதிரி ரோஸ் கலர் டி-ஷர்ட். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பர்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரை எந்தத் தோழியும் கூப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, அந்தக் கணக்குக்கே முதலில் வருகிறேன். இன்றைக்கு இங்கிலாந்தில் ஹென் நைட் பல நேரம் ஒரே ராத்திரியோடு முடிவதில்லை. டப்ளின், பார்சிலோனா, பெனிடார்ம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில், 'கேர்ள்ஸ், பட்ஜெட் கொஞ்சம் கூடிவிட்டது' என்று நாலு இதயம் போட்டு ஒரு செய்தி வந்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அது ஏற்பாடு செய்கிறவரின் ஆடம்பரம். நம் ஊரில் கல்யாணச் செலவு எகிறுகிறது என்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்றா சொல்கிறோம்? மண்டபத்தைச் சின்னதாகப் பிடி என்கிறோம்.

அதோடு, அக்கா ஒரு பழைய சங்கதியை விட்டுவிட்டார். ஸ்காட்லாந்தில் தொழிற்சாலைப் பெண்கள் செய்துவந்த வழக்கம் ஒன்று உண்டு. கூட வேலை செய்கிறவளுக்குக் கல்யாணம் என்றால், வேலை முடிந்ததும் அவளைக் கோமாளி மாதிரி அலங்கரித்து, ஆட்டமும் சத்தமுமாகத் தெருவில் கூட்டிப் போவார்கள். கூடவே உப்புப் போட்ட ஒரு சட்டி. என்ன சட்டி தெரியுமா? ராத்திரி கட்டிலுக்கு அடியில் வைப்பார்களே, அந்தச் சட்டி! எதிரில் வருகிறவர்கள் அதில் சில்லறை போடுவார்கள். காசு முழுக்கக் கல்யாணப் பெண்ணுக்கு. தாம்பாளத்துக்குப் பதில் சட்டி வைத்து வாங்கிய மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழைக்கிற பெண்கள் தங்களுக்குள் ஒருத்தியைக் கேலி செய்து, கைக்காசும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிய அந்தக் கூத்தின் வாரிசுதான் இன்றைய ஹென் நைட் என்பேன். பார்சிலோனா எல்லாம் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்து, எதிரணித் தம்பி குடியைப் பற்றிக் கொதித்தார். ஆம்ஸ்டர்டாமில் 2017இல் நகரின் நடுப்பகுதியில், பீர் குடித்துக்கொண்டே கும்பலாகப் பெடல் மிதித்துப் போகிற 'பீர் பைக்' வண்டியையே தடை செய்துவிட்டார்களே என்று ஆதாரம் வேறு காட்டினார். தடை செய்தது உண்மை. ஆனால் தம்பி, மாப்பிள்ளையின் நண்பர்கள் மிதித்த பெடலையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டாதீர்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. நான் போன ஹென் நைட்டில் ஆரஞ்சு ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை ஆட்டமும் ஆடினேன். யாரும் என் வாயில் ஊற்றவில்லை.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே. என்னோடு மருத்துவமனையில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஆங்கிலேயத் தோழிக்குக் கல்யாணம். பிரைட்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் தலையில் மலிவு விலை வலை, தோளில் பட்டை, முதுகில் சிவப்பு 'எல்' அட்டை. கார் ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டுவார்களே, அதேதான். இந்த அலங்காரத்தோடு, ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு, பிரைட்டன் கடற்கரைக் கூழாங்கல்லில் நடக்க வேண்டும். மெரினா மணலில் நடந்த காலோடு நான் விழாமல் வந்ததே பெரிய சாதனை.

மாலையில் ஒரு விளையாட்டு. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேள்விகள் கேட்டு, பதிலை வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். அதே கேள்விக்கு இவளும் பதில் சொல்ல வேண்டும். பதில் பொருந்தவில்லை என்றால் ஒரு பபிள்கம் வாயில் போட வேண்டும், துப்பக் கூடாது. 'உங்கள் முதல் சண்டை எதற்கு?' என்று கேட்டார்கள். இவள் யோசிக்காமல், 'கல்யாணத்துக்குப் பிறகு அவன் குடும்பப் பெயரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றதற்கு' என்றாள். வீடியோவில் மாப்பிள்ளை சிரித்த முகமாக, 'சண்டையா? எங்களுக்குள் சண்டையே வந்ததில்லையே!' என்கிறார். வீடே அதிர்ந்தது. ஏற்கெனவே ஏகப்பட்ட தப்பு. இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. வாய் நிறைய கம், திட்டக்கூட முடியவில்லை! சோபாவில் உட்கார்ந்திருந்த வருங்கால மாமியார்தான் அதிகமாகச் சிரித்தார். ஆமாம், மாமியாரும் வந்திருந்தார். இங்கே அப்படிக் கூப்பிடுவது சகஜம்.

மாமியார் பத்து மணிக்கெல்லாம் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். நள்ளிரவுக்கு மேல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆறிப்போன சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தோம். கல்யாணப் பெண் வலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: 'வீடு வாங்க டெபாசிட் சேர்க்கிற வரைக்கும் அவன் அம்மா வீட்டிலேயே இருக்கலாம் என்கிறான். எனக்கு இஷ்டமில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.' நேர் மேலே மாடியில், அந்த அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறார்!

நடுவர் அவர்களே, வார்டில் எத்தனையோ ராத்திரி ஒன்றாகக் கண்விழித்திருக்கிறோம். அங்கே இதை அவள் சொன்னதில்லை. வேலை நேரத்தில் ஒரு டீ குடிக்கவே நேரமில்லாதபோது எங்கே சொல்வாள்? அன்று கூடியிருந்தவர்களில் கல்யாணமானவர்கள் உண்டு, விவாகரத்து ஆனவர்கள் உண்டு, மாமியாரோடு இருந்து பார்த்தவள் நானும் உண்டு. ஆளுக்கொன்று சொன்னோம். 'இப்போது விழுங்கினால் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பாய், முதலில் அவனிடம் பேசு' என்றேன். அடுத்த வாரமே பேசிவிட்டாள். இப்போது சின்ன வாடகை பிளாட்டில் இருக்கிறார்கள். டெபாசிட் மெதுவாகத்தான் சேர்கிறது. சேரட்டும்.

நம் கல்யாணத்தில் இதற்கு இடம் எங்கே, சொல்லுங்கள். நலங்கு இல்லையா என்பார் எதிரணித் தலைவி. இருக்கிறது. மஞ்சள் பூசுவார்கள், சந்தனம் வைப்பார்கள், மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடவும் பாடுவார்கள். எனக்கும் பிடித்த சடங்குதான். ஆனால் அது அத்தைக்கும் சித்திக்கும் உரியது. தோழி ஓரமாக உட்கார்ந்து கை தட்டலாம். மறுநாள் வரவேற்பு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, பரிசுப் பொட்டலத்தை நீட்டினால், 'கேமராவைப் பாருங்க... சரி, அடுத்து!' அவ்வளவுதான் தோழிக்குக் கிடைக்கிற பங்கு.

சங்க அகப்பாட்டில் தோழி இப்படியா இருந்தாள்? தலைவனை வாசலில் நிறுத்தி, 'எப்போது மணப்பாய்?' என்று நெருக்கியவள் அவள். தலைவியின் காதலைப் பக்குவமாக வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி, அறத்தொடு நின்றவள் அவள். அத்தனை பாடுபட்டவளுக்கு இன்றைக்கு ஒரு போட்டோவில் ஓரத்து இடம். இந்த ஊர்க்காரர்கள் அவளுக்கென்று ஒரு ராத்திரியையே ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். அதைப் போய்த் திண்டாட்டம் என்கிறீர்களே!

போக வசதியில்லாதவர்கள் 'என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று தோழியிடம் நேராகச் சொல்லுங்கள். அதைக்கூடச் சொல்ல முடியாத இடத்தில் டி-ஷர்ட் வாங்காதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவி இதையெல்லாம் கலாச்சாரச் சீரழிவு என்று வெளுத்துக் கட்டப்போகிறார். அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மகளின் ஹென் நைட் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன், அவரும் இருக்கிறார். அவருடைய பங்குப் பணம்தான் முதலில் வந்து விழுந்தது. டி-ஷர்ட் அளவு கேட்டதற்கு 'லார்ஜ்' என்று போட்டிருக்கிறார். போன் என் கையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் வாசித்துக் காட்டட்டுமா?