இரவல் சட்டை

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணியடிப்பவர் இப்போதே மணியில் கை வைத்துவிட்டார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'பிறர் பாட்டைப் பாடுவது பாடகனுக்குப் பெருமையா, குறையா?' பெருமை என்று பேச வந்தவன் நான். அதற்குள் எதிரணி அண்ணன் வில்லி நெல்சனின் 'ஸ்டார்டஸ்ட்' இசைத்தட்டை எடுத்து, "பத்துப் பாட்டும் ஊரார் பாட்டு. இரவல் சட்டையில் மாப்பிள்ளை ஆனவர்" என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

அண்ணே, சட்டைக் கதையை முழுசாகக் கேளுங்கள். நெல்சன் அமெரிக்காவின் டெக்சாஸ்காரர், 'கன்ட்ரி' என்ற அந்த ஊர் நாட்டுப்புறச் சாயல் இசையின் பாடகர். பெயர் வருமுன் கையில் காசில்லை. 'ஃபேமிலி பைபிள்' என்று ஒரு பாட்டு எழுதினார், விற்றார். எவ்வளவுக்கு? 50 டாலர்! 1960இல் இன்னொருவர் பாடி ஹிட். எழுதியவர் என்று நெல்சன் பெயர்கூட இல்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், காலரில் இருந்த பெயரையும் பிரித்துக் கொடுத்தார். நடுவர் சிரிக்கிறார், இன்னொரு தரம் சொல்கிறேன்: சட்டை போச்சு, காலர் பெயரும் போச்சு, கையில் 50 டாலர்! அப்புறம் 'நைட் லைஃப்', 150 டாலர். 'கிரேஸி'? தைத்தது இவர், 1961இல் போட்டுக்கொண்டு உலகம் சுற்றியது பாடகி பாட்ஸி கிளைன். நல்லவேளை, அதிலாவது பெயர் தங்கியது. ஊருக்கே சட்டை தைத்த தையல்காரர் 1978இல் 'ஸ்டார்டஸ்ட்' என்று வேறு கடைச் சட்டை போட்டால் அது இரவலா அண்ணே?

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் அன்று உங்களைப் போலத்தான் முகம் சுளித்தார்கள். தாடிக்காரர் பாடும் பழைய பாட்டை யார் வாங்குவார்? ஆனால் அதிகம் விற்கும் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் அந்தத் தட்டு பத்து ஆண்டு உட்கார்ந்திருந்தது.

இன்னும் மூன்று குறிப்பு வைத்திருந்தேன், விடுங்கள். அந்தத் தட்டில் பியானோ யார் தெரியுமா? அவருடைய அக்கா பாபி. பெற்றோர் பிரிந்து போக, தாத்தா பாட்டி வளர்த்த இரண்டு பிள்ளைகள். ஆறு வயதில் தம்பி கைக்குக் கிட்டார் வந்தது. பிற்பாடு வாங்கிய கிட்டாரை வாசித்து வாசித்தே அதன் மரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய தம்பி அதை வைத்துக்கொண்டு பாடுகிறார், பக்கத்தில் அதே அக்கா.

2022இல் அக்கா போய்விட்டார். இன்றிரவு வீட்டுக்குப் போய் அந்தத் தட்டைப் போடுங்கள். பாட்டு யார் எழுதியது என்பதை விட்டுவிட்டு, பியானோவை மட்டும் கேளுங்கள். அண்ணே, உங்களுக்கும் ஒரு அக்கா உண்டல்லவா?

சரி, மணி அடித்துவிட்டது. வணக்கம்.