ஸ்டாக் போட்டோவை நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

(பாளையங்கோட்டையில் புகைப்படக்காரர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஆனித் தேரோட்டம் முடிந்தது, ஆடியும் பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு முகூர்த்தம் கிடையாது. காமிரா பைக்குள் கிடக்கிறது, ஹார்டு டிஸ்கில் பல வருஷத்துப் படங்கள் தூங்குகின்றன. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில்தான் நம் பையன்களிடமிருந்து எனக்குப் போன் வரும். "அண்ணாச்சி, ஆன்லைன்ல போட்டோ ஏத்திவிட்டா டாலர்ல துட்டு வருமாமே, நெசமா?"

நிஜம்தான், வரும். ஆனால் அதை நம்பி ஒரு கல்யாண ஆர்டரைக்கூடக் கைவிடாதீர்கள். சம்பளம் மாதிரி மாதாமாதம் வந்து வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் தாங்குகிற வருமானமாக அது இன்று இல்லை. ஏன் இல்லாமல் போனது, அப்படியும் அதில் நமக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஸ்டாக் போட்டோ என்றால் என்ன என்று புதிதாக வந்த தம்பிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் படத்தைக் கிரயம் பண்ணிக் கொடுப்பதில்லை. வயலைக் குத்தகைக்கு விடுவது போல, பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுக்கிறோம். படம் நம்முடையதுதான். ஒரே படத்தை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். ஒரே வித்தியாசம், இங்கே குத்தகைப் பணத்தை முடிவு செய்வது வயல்காரன் இல்லை, நடுவில் நிற்கும் நிறுவனம். வந்த சங்கடமெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு காலத்தில் இந்த வியாபாரம் பெரிய ஏஜென்சிகளின் கையில் இருந்தது. ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்குவார்கள். 2000-ல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்போட்டோ தொடங்கியது. சாதாரண ஆளும் படம் போடலாம், குறைந்த விலையில் யாரும் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 2003-ல் ஜான் ஓரிங்கர் என்பவர், தானே எடுத்த 30,000 படங்களை வைத்து நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கை ஆரம்பித்தார். மாதச் சந்தா கட்டினால் வேண்டிய படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த முறை. முதல் பத்து வருஷம் நன்றாகத்தான் போனது. வாங்குகிறவர்கள் பெருகினார்கள், படங்கள் கொஞ்சமாக இருந்தன. அப்போது இறங்கியவர்களில் இதை முழுநேரத் தொழிலாகச் செய்து பிழைத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. இன்றைக்கும் யூடியூபில் காட்டப்படும் ஆசை, பெரும்பாலும் அந்தக் காலத்துக் கணக்கை வைத்துத்தான்.

அந்த 30,000 என்ன ஆனது தெரியுமா? 2022 வாக்கில் அதே ஷட்டர்ஸ்டாக்கில் 40 கோடிப் படங்களைத் தாண்டிவிட்டது. உங்கள் ஐந்நூறு படங்கள் அந்தக் கடலில் எங்கே தெரியும்? போதாததற்கு, 2013-ல் வந்த அன்ஸ்பிளாஷ் போன்ற தளங்கள் நல்ல தரமான படங்களைச் சும்மாவே கொடுக்கின்றன. அந்த அன்ஸ்பிளாஷையே 2021-ல் பெரிய ஏஜென்சியான கெட்டி இமேஜஸ் வாங்கிவிட்டது.

அப்புறம் 2020. ஊரடங்கு நேரம், கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்ற கட்டுப்பாடு. நம்மில் பலர் அப்போதுதான் வேறு வழியில்லாமல் ஸ்டாக் பக்கம் திரும்பினோம். அதே வருஷம் ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக், படம் எடுத்தவருக்குத் தரும் பங்கின் முறையை மாற்றியது. விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து 15 சதவீதம் முதல் 40 சதவீதம் வரை படிப்படியாகப் பங்கு. குறைந்தபட்சமாக ஒரு படத்துக்குக் கிடைப்பது 10 சென்ட். ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கே இறங்க வேண்டும். டிசம்பர் வரை பாடுபட்டு ஏறினவனைப் புத்தாண்டு அன்றைக்குக் கீழே நிறுத்துகிற இந்த முறை நியாயமில்லை. உலகம் முழுக்கப் படைப்பாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். முறை அப்படியேதான் நின்றது.

10 சென்ட் என்றால் பத்து ரூபாய் சுமார். ஜங்ஷனில் ஒரு டீக்குக் காணாது. அடோபி ஸ்டாக் என்ற இன்னொரு தளத்தில் படத்துக்கு 33 சதவீதம் தருகிறார்கள், அது பரவாயில்லை. சரி, எல்லாத் தளத்தையும் சேர்த்து ஒரு டவுன்லோடுக்குச் சராசரியாக முப்பது ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். மாதம் இருபதாயிரம் வேண்டுமென்றால் அறுநூற்றைம்பது டவுன்லோடுக்கு மேல் நடக்க வேண்டும், அதுவும் மாதம் தவறாமல். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். 2022-ல் எழுத்தில் கேட்டால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் வந்தன. கைகுலுக்கும் இரண்டு பேர், மேசையில் லேப்டாப்பும் காப்பிக் கோப்பையும், சிரிக்கும் குடும்பம் என்று நன்றாக விற்ற பொதுப்படங்களுக்கு இனி காமிராவே வேண்டாம். அந்த வருஷம் டிசம்பரில் அடோபி ஸ்டாக் அப்படி உருவாக்கிய படங்களையும் விற்பனைக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 2023-ல் அடோபி தானே ஃபயர்ஃபிளை என்ற படம் போடும் மென்பொருளை அறிமுகம் செய்தது. அதைப் பழக்கியதே நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய ஸ்டாக் படங்களை வைத்துத்தான். அதற்கு ஒரு போனஸ் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நம் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இயந்திரம் நம் படத்துக்கே போட்டியாக வந்து நிற்கிறது. தன் படங்களை அனுமதியில்லாமல் எடுத்துப் பழக்கினார்கள் என்று, இப்படி மென்பொருள் செய்யும் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது கெட்டி லண்டனில் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வணிகக்குறி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்றது, பதிப்புரிமை வாதம் எடுபடவில்லை. நீதிமன்றம் நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

அப்படியானால் கடையை மூடிவிடலாமா? வேண்டாம். நம் கையில் இருக்கிற ஒன்றை இயந்திரத்தால் தர முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை மூடிக்கொண்டு தாமிரபரணி போனதை உங்களில் சிலர் எடுத்தீர்கள். இன்ன இடம், இன்ன நாள், இது நடந்தது என்று சாட்சி சொல்லும் படம் அது. வெள்ளத்தைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்கும், நதியை ஆராய்கிறவருக்கும், பாடப்புத்தகம் போடுகிறவருக்கும் அதற்குப் பதிலாகக் கற்பனைப் படம் ஆகாது. கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் நாரைகளும், இமயத்தைத் தாண்டி வந்திறங்கும் வரித்தலை வாத்தும் அப்படித்தான். பத்தமடையில் பாய்க்காகக் கோரையைக் கீறிக் கீறி நூல் மாதிரி ஆக்கும் விரல்களும் அப்படித்தான்.

திசையன்விளைப் பக்கம் ஒரு விடிலிக்குள், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்குள், படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பனை ஓலைக் கூரை, உள்ளே புகை. காய்ந்த மட்டையைத் தள்ளித் தள்ளி அடுப்பெரிக்கிறார் ஒரு ஆச்சி. பதநீர் பொங்கி வரும்போது ஒரு சிட்டிகை ஆமணக்கு விதைப் பொடி போடுகிறார், நுரை அப்படியே அடங்குகிறது. அகப்பையால் தூக்கிப் பார்த்துப் பதம் சொல்கிறார். அப்புறம் மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றுகிறார். இதில் ஒவ்வொரு அசைவும் ஒரு படம். கருப்பட்டி என்று மென்பொருளிடம் கேட்டால் ஒரு பானையும் ஒரு பாட்டியும் கொடுத்துவிடும். அந்த ஆமணக்கு விதையும் சிரட்டையும் தெரிய வேண்டுமென்றால் அங்கே போய் நின்றவன்தான் எடுக்க வேண்டும்.

எடுத்து முடித்ததும் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். ஆச்சி அதை வாங்கவில்லை. "எம் மொகத்த வச்சி என்னத்தய்யா விப்பான்?" என்று கேட்டார்.

இதைவிட முக்கியமான கேள்வி இந்தத் தொழிலில் இல்லை என்று நான் நினைக்கிறேன். முகம் தெரியும் ஒருவரின் படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் என்ற இந்த ஒப்புதல் படிவம் வேண்டும். அது இல்லையென்றால் செய்தி, கல்வி போன்ற எடிட்டோரியல் உபயோகத்துக்குத்தான் போகும். நாம் பலபேர் ஆங்கிலப் படிவத்தைக் காட்டி, "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வாங்கிவிடுகிறோம். நாளைக்கு எந்த ஊர் மருந்து விளம்பரத்தில் அந்த முகம் வருமென்று நமக்கே தெரியாது. ஆச்சியிடம் அப்படியே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கருப்பட்டியப் பத்தி எழுதுனா போட்டுக்கோ, மத்ததுக்கு வேண்டாம்" என்றார். அந்தப் படங்கள் எடிட்டோரியலாகத்தான் போயிருக்கின்றன. துட்டு குறைவுதான். அது அவருடைய முகம், அவர் சொல்வதுதான் கணக்கு.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்குகிறவன் படத்தைத் தேடுவது சொற்களை வைத்து. வெறும் ‘கிராமத்துப் பெண்’ என்று குறிப்பு எழுதினால் லட்சத்தோடு லட்சமாகப் போய்விடும். என்ன வேலை, எந்த ஊர், எந்த மாவட்டம், எந்த மாதம், அத்தனையும் ஆங்கிலத்தில் சரியாக எழுதுங்கள். அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்கு மதிப்பு அதிகம். பறவை, செடி என்றால் அறிவியல் பெயரையும் சேருங்கள். அமெரிக்க நிறுவனங்களில் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பிவிட்டால், அங்கே நடக்கும் விற்பனைக்கு 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான் வரி பிடிப்பார்கள். பலர் இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மனசு பொறுக்கவில்லை.

நான் மிகவும் நம்புவது வேறொன்றை. நம் மாவட்டத்துப் படம் வேண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பதிப்பகங்கள், விடுதிகள், கருப்பட்டியும் பாயும் ஏற்றுமதி செய்கிறவர்கள், பறவைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள். அவர்களிடம் நேராகப் போனால் விலையைச் சொல்வது நாமாக இருக்கும். தளத்தில் மாதக்கணக்கில் சேருகிற பணத்தை ஒரே ஒரு நாட்காட்டி வேலை கொடுத்துவிடும். தனித்தனியாகப் போய் ஒருவரை ஒருவர் விலை குறைத்துக் கெடுத்துக்கொள்ளாமல், இங்கே இருக்கிற நாம் சேர்ந்து ஒரு படத்தொகுப்பு வைத்தால் என்ன? ஆனித் தேர் முதல் பாபநாசம் வரை, தேதியும் ஊரும் எழுதி, எடுத்தவர் பெயரோடு, ஒரே விலைப்பட்டியலில். ஸ்டாக் தளங்களிலும் படம் கிடக்கட்டும், வருகிறது வரட்டும்.

முதல் வேலையாக ஒப்புதல் படிவத்தின் அர்த்தத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்து வாங்குமுன் வாசித்துக் காட்ட உதவும். வாசல் மேசையில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். படத்தொகுப்பில் சேர விருப்பமுள்ளவர்கள் பக்கத்தில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.